மோட்டார் ரூம் சாவி யாரிடம்? செட்டிநாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதியம் 12:20க்குச் சாப்பாட்டு மணி அடித்தது. கை கழுவும் இடத்தில் 12 குழாய்கள். 10 நிமிடம் ஆவதற்குள் எல்லாக் குழாயிலும் காற்றுதான் வந்தது. ஏறக்குறைய 290 பேர் கழுவி முடித்திருந்தார்கள். மிச்சம் 130 பேர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடிந்த 260 தட்டுகள் கழுவப்படாமல் வாளிக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மோட்டாரைப் போடலாம் என்றால் மோட்டார் ரூம் சாவி வாட்டர்மேனின் சாவிக்கொத்தில் இருந்தது. அவர் சொந்தத்தில் ஒரு காரியம் என்று இரண்டு நாள் லீவு சொல்லி மானாமதுரை போயிருந்தார்.

இந்தப் பள்ளி தனியொரு பள்ளி அல்ல. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்து உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் வழக்கமாக இருக்கும் அமைப்பை ஒன்றாகச் சேர்த்து, கணக்கிட வசதியாக ஒரே பள்ளியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். 6 முதல் 10 வரை 420 பிள்ளைகள். அதில் 200 பேர் பெண்பிள்ளைகள். அலுவலகத்தில் ஒரு இளநிலை உதவியாளர் (எல்லாருக்கும் ‘கிளார்க் சார்’), ஓர் அலுவலக உதவியாளர், ஒரு வாட்டர்மேன், ஓர் இரவுக் காவலர், பகுதி நேரத் தூய்மைப் பணியாளர் ஒருவர். பதிவறை எழுத்தர் இடம் காலி. சத்துணவுக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூவர். பாடம் நடத்தாத இந்த எட்டுப் பேரும், அவர்களோடு ஓடியாடும் முப்பது நாற்பது பிள்ளைகளும் இல்லையென்றால் முதல் பீரியடே தொடங்காது.

தண்ணீர் எங்கே போனது

கழிப்பறைக்கும் கை கழுவவும் 3,000 லிட்டர் தொட்டி ஒன்று. குடிக்கவும் சமைக்கவும் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று. அதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர். பெரிய தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏறும். அதாவது காலித் தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம்.

திங்கள் மாலை 4 மணிக்கு வாட்டர்மேன் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அலுவலக உதவியாளரும் தொட்டி நிரம்பி வழிந்ததைப் பார்த்தார். ஆகவே செவ்வாய்க் காலை யாரும் மோட்டாரைப் பற்றி நினைக்கவில்லை. ஆனால் வாட்டர்மேன் தினமும் செய்கிற இரண்டு வேலைகள் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, மாலை 5 மணிவாக்கில், தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட் வால்வை அடைப்பார். காலை 7:30க்கு அதைத் திறந்து, இருபது நிமிடம் மோட்டார் ஓட்டிக் குறைந்ததை நிரப்புவார். திங்கட்கிழமை 4 மணிக்கே கிளம்பியதால் வால்வு திறந்தபடியே கிடந்தது.

பிறகு ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாய்க்குக் கீழே வைத்துப் பார்த்தபோது 3ஆம் குழாயில் 1 நிமிடம் 40 விநாடியிலும், 11ஆம் குழாயில் 2 நிமிடம் 30 விநாடியிலும் நிரம்பியது. இரண்டையும் கூட்டினால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். மாலை 4:30 முதல் காலை 7:30 வரை 15 மணி நேரம். 900 லிட்டர் யாரும் பார்க்காமல் வடிகாலுக்குப் போய்விட்டது. செவ்வாய் விடியும்போது தொட்டியில் 2,100 லிட்டர்தான்.

அன்றைய செலவைப் பாருங்கள். காலையில் கழிப்பறை கழுவ 300 லிட்டர். சாப்பாட்டு மணிக்கு முன் 160 முறை கழிப்பறைப் பயன்பாடு, முறைக்கு 6 லிட்டர் என்றால் 960. செடிகளுக்கு 400. ஆக 1,660 போக மிச்சம் 440. கை கழுவ ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தால் 293 பேருக்கு மட்டுமே அது போதும். சரியாக அங்கேதான் குழாய் நின்றது. அதன் பிறகு தட்டு கழுவத் தேவையான 520 லிட்டருக்கு எங்கே போவது? வழக்கமான நாளில் மொத்தம் 2,810 லிட்டர் செலவாகும்; 3,000 லிட்டர் தொட்டியில் மிஞ்சுவது 190 லிட்டர். இவ்வளவு இறுக்கமான கணக்கை ஒரு மனிதர் பல வருடம் யாருக்கும் தெரியாமல் சமாளித்து வந்திருக்கிறார்.

பகல் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1172. 420 பிள்ளைகளுக்கு 18,900 லிட்டர். இந்தப் பள்ளி அதில் ஆறில் ஒரு பங்கை வைத்துத்தான் ஓடுகிறது. பெரிய தொட்டி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வால்வை அடைக்காத பள்ளியில் 10,000 லிட்டர் தொட்டி வைத்தாலும் அதே குழாய் அதே 900 லிட்டரை இழக்கும். தொட்டி பெரிதாக இருப்பதால் அந்த ஒழுக்கு இன்னும் தாமதமாகத்தான் கண்ணில் படும்.

மோட்டார் ரூம் அட்டை

வாட்டர்மேன் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, அவரைக் குறை சொல்லாமல் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்லக் கிளார்க் எழுதியது. இதை மரியாதையோடு செய்ய வேண்டும். அவரிடம் விளக்கம் கேட்பது போல ஆகிவிட்டால், அவருக்குத் தெரிந்ததில் பாதி வெளியே வராது. எழுதியதை ஓர் அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அட்டையில் இருப்பது இவ்வளவுதான்:

காலை 7:30: கேட் வால்வு திற. வோல்ட் மீட்டர் பார். மூன்று ஃபேஸ் விளக்கும் எரிய வேண்டும்.
ஒரு விளக்கு மங்கினாலும் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்காதே.
மோட்டார் 20 நிமிடம். 5 நிமிடத்தில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்காவிட்டால் உடனே நிறுத்து.
ஸ்டார்ட்டர் தானாக விழுந்தால் (ஆஃப் ஆனால்) ஒரு முறைதான் மறுபடி போடலாம். இரண்டாம் முறையும் விழுந்தால் எலக்ட்ரீசியன்.
மதியம் 1:15: தொட்டி பார். பாதிக்குக் கீழ் என்றால் 25 நிமிடம்.
மாலை 4: நிரப்பு.
மாலை 5: கேட் வால்வு அடை. மறக்காதே.

‘மறக்காதே’ என்பது அவரே சேர்க்கச் சொன்னது. ஐந்து நிமிட விதிக்குக் காரணம் உண்டு. நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. கோடையில் மட்டம் இறங்கிய கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். கருகினால் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு ஆளும் வண்டியும் கிடைத்து வேலை முடியும்வரை பள்ளிக்குத் தண்ணீர் கிடையாது.

சாவிக்கு ஒரு பலகை. ஒவ்வொரு கொக்கிக்கும் எண். சாவியில் அதே எண் போட்ட தகரச் சில்லு. மாற்றுச் சாவிகள் தலைமை ஆசிரியர் அறை பீரோவில். சாவி எடுத்தால் கொக்கியில் தன் பெயரட்டையை மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காலிக் கொக்கியைப் பார்த்தாலே சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சாவிப் பதிவேடு எழுதச் சொன்னால் இரண்டாம் வாரமே நின்றுபோகும்; பெயரட்டை நிற்காது.

குழாய் நோட்டு

பிள்ளைகள் உள்ளே வருவது இங்கேதான். 8ஆம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு பேர், பதிவேட்டு வரிசைப்படி. காலை இடைவேளையிலும் மதியமும் 12 குழாய்களையும், தாழ்ப்பாள்களையும் பார்த்து ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். பழுது பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. பார்த்ததைச் சொல்வதுதான் வேலை.

“அண்ணே, மூணாம் நம்பர் இன்னும் ஒழுகுது.”

“பாட்டில் எம்புட்டு நேரத்துல நெறஞ்சுச்சு ஆத்தா?”

“ஒன்னே முக்கா நிமிசம்.”

“அப்ப வாஷர் போயிருச்சு. நோட்டுல எழுதி வச்சிட்டுப் போ. நாலரைக்கு மாத்திப்புடுறேன்.”

பிள்ளைக்கும் வாட்டர்மேனுக்கும் நடக்கும் இந்த நாலு வரிப் பேச்சுக்குள் பழுதின் அளவு, காரணம், நேரம் மூன்றும் முடிவாகிவிடுகிறது. ‘குழாய் ஒழுகுது’ என்று மட்டும் சொன்னால் யார் காதிலும் ஏறாது. பாட்டில் கணக்கோடு சொன்னால் ஏறும்.

வாஷர் மாற்றுவது பத்து நிமிட வேலை. அந்த வரிசையின் வால்வை அடைத்து, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட வேண்டும். மேல்மூடியை ஸ்பேனரால் கழற்றித் தண்டை உருவினால் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அரை அங்குல வாஷர் புதிதாகப் போட்டு மாட்டினால் சரியாகிவிடும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர் என்பதால், வாஷர் உட்காரும் வளையத்தில் வெள்ளையாக உப்பு படிந்துவிடும். அதைச் சுரண்டாமல் புது வாஷர் போட்டால் ஒரே வாரத்தில் மறுபடி ஒழுகும். வளையமே அரித்திருந்தால் வாஷரோடு போராட வேண்டாம், குழாயையே மாற்றிவிடலாம். புதுக் குழாயின் மரையில் டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் குழாயைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் போனால் மரை விரிந்து, சுவருக்குள் கசிய ஆரம்பிக்கும்.

இந்த ஊர்ப் பள்ளிகளுக்குக் கொடையாளர் குறைவில்லை. வகுப்பறை, கலையரங்கம், ஆர்.ஓ. மெஷின் என்று முன்னாள் மாணவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். தடுமாற்றம் வருவது அதற்குப் பிறகு. 420 பேர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால் ஏழு மணி நேரத்தில் 630 லிட்டர். மணிக்கு 90 லிட்டர் சுத்திகரிக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கும் அளவு மெஷின் இதற்குப் பத்தாது. ஃபில்டர் மாற்ற வருடா வருடம் யார் பணம் தருவது என்று கொடுக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், உப்புத் தண்ணீரில் அது சீக்கிரமே அடைத்துக்கொண்டு மூலையில் நிற்கும். பள்ளிக்கு நல்லது செய்ய நினைக்கும் பழைய மாணவர், ஒரு வருடத்துக்கான வாஷர், குழாய், தாழ்ப்பாள், பினாயில், துடைப்பம், கையுறை ஆகியவற்றின் செலவை ஏற்றுக்கொண்டால் அது ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்ததற்குச் சமம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதிலும் தவறு நடக்கிறது. பொடியை அப்படியே மேலிருந்து தூவினால் அடியில் கட்டியாகப் படிந்து, முதலில் குடிப்பவருக்கு மருந்து வாடையும் கடைசியில் குடிப்பவருக்கு வெறும் தண்ணீரும் போகும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். அதைச் சிறிது தண்ணீரில் குழைத்து, ஒரு மக் தண்ணீர் சேர்த்துக் கலக்கித் தெளிய விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்கலாம். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், இது ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு. கட்டு பிரித்துப் பல மாதம் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. சிறு டப்பாவாக வாங்கி இறுக்க மூடி வைப்பது நல்லது.

பத்து நிமிட இடைவேளையின் கணக்கு

கழிப்பறை நாறுகிறது என்றால் பழி முதலில் தூய்மைப் பணியாளர் அக்கா மேல் விழும். அவருக்கு வேலை நேரம் காலை 7:30 முதல் 9:30 வரை. அவர் கழுவிவிட்டுப் போகும்போது தரை பளிச்சென்று இருக்கும். 10:50க்கு இடைவேளை விட்டுப் பதினோரு மணிக்கு வகுப்பு தொடங்கும்போது அந்தச் சுத்தம் போய்விடும். அதற்குப் பிறகு மாலைவரை கழுவ ஆள் இல்லை. அவரோடு பேசி நேரத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: 8:15 முதல் 9:15 வரை ஒரு மணி நேரம், சின்னப் பிள்ளைகளின் மதியச் சந்தடி அடங்கிய பிறகு 1:15 முதல் 2:15 வரை இன்னொரு மணி நேரம். மொத்த நேரம் அதேதான். ஆனால் நடுவில் அவர் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார் என்பதால், அந்த வீட்டுக்காரர்களும் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதித்த பிறகே இது நடந்தது. பகுதி நேரக்காரரின் மீதி நேரமும் அவருக்குப் பிழைப்பு. அதைக் கேட்காமல் அட்டவணை போடக் கூடாது.

ஆசிட் பழக்கத்தையும் நிறுத்த வேண்டியிருந்தது. தினம் ஆசிட் ஊற்றினால் பீங்கானின் பளபளப்பும் தரை ஓட்டின் இடைச் சிமெண்டும் அரித்துப்போய், சொரசொரப்பில் கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். தினமும் சோப்புப் பவுடரும் பிரஷ்ஷும் போதும். சிறுநீர்க் கோப்பையில் மஞ்சள் உப்பு கட்டியிருந்தால் மட்டும் வாரம் ஒரு முறை ஆசிட், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய கழிப்பறைக்குள் அது நெஞ்சை அடைத்து ஆளையே சாய்த்துவிடும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதைக்கூட இந்தப் பள்ளியில் விட்டுவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் மணியில் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு எட்டுக் கழிப்பறை. ஒருவருக்கு இரண்டு நிமிடம். பத்து நிமிட இடைவேளையில் நாற்பது பேர்தான் போய்வர முடியும். இருப்பதோ 200 பேர். 40 பேருக்கு ஒன்று என்ற கணக்குக்குக் கழிப்பறை எண்ணிக்கை போதும்; ஆனால் எல்லாரையும் ஒரே மணியில் வெளியே விட்டால் போதாது. அதனால்தான் பல பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு என்று வீட்டில் சொல்லும்போது அம்மாவுக்கு இதன் காரணம் தெரிவதில்லை.

6, 7 வகுப்புகளுக்கு 10:40க்கும் மற்றவர்களுக்கு 10:50க்கும் இடைவேளை என்று பிரித்தார்கள். இப்போது 80 பேர். அதுவும் போதாது என்பதால், வகுப்பு நடக்கும்போது கேட்டால் அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர்களுக்கும் சொல்லப்பட்டது. மணி அடிக்கும் பொறுப்பு 9ஆம் வகுப்பில் இருவருக்கு. மின்சார மணி இருந்தாலும், கரண்டு போனால் அடிக்கத் தண்டவாளத் துண்டு ஒன்று வேப்ப மரத்தில் தொங்குகிறது. இரண்டு இடைவேளை வந்த முதல் வாரம் எல்லாரும் குழம்பினார்கள்: 10:40 மணியைக் கேட்டு 10ஆம் வகுப்பும் எழுந்துவிட்டது. சின்ன வகுப்புக்கு இரண்டு அடி, பெரிய வகுப்புக்கு நான்கு அடி என்று மாற்றிய பிறகு சரியானது.

தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறையை எந்தப் பெண்பிள்ளையும் பயன்படுத்தாது. எட்டில் இரண்டு தாழ்ப்பாள் போனால் ஆறுதான். குழாய் நோட்டில் தாழ்ப்பாளுக்குத் தனிப் பத்தி போட்டது இதற்குத்தான். ஒவ்வொரு அறையிலும் மூடியுள்ள குப்பைக் கூடை வேண்டும். இல்லையென்றால் நாப்கின் பீங்கானுக்குள் போய், அடைப்பு எடுக்க ஆள் தேடும் நிலை வரும்.

சாப்பாட்டுச் சீட்டு

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்தது. இன்று சமையல்கூடத்தில் எல்லாம் ஓர் எண்ணை வைத்துத்தான் நடக்கின்றன: இன்று எத்தனை பேர்? 150 கிராம் கணக்கில் 260 பேருக்கு 39 கிலோ அரிசி. 10:15க்கு அரிசி உலைக்குள் விழ வேண்டும். அதற்கு முன் எண் வர வேண்டும்.

வகுப்புத் தலைவர் 9:50க்குச் சீட்டு கொண்டுபோய்ச் சமையல் ஆயாவிடம் கொடுப்பது வழக்கம். பிரச்சினை என்னவென்றால், பலர் வகுப்பில் எண்ணாமல் நேற்றைய எண்ணையே எழுதினார்கள். சிலர் வருகைப் பதிவேட்டு எண்ணை எழுதினார்கள். வந்தவர் எல்லாரும் சாப்பிடுவதில்லை. 30 பேர் தவறினால் 4.5 கிலோ அரிசி மிஞ்சும், அல்லது கடைசி 30 தட்டில் சோறு இருக்காது. கடைசி வரிசையில் நிற்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்.

சீட்டில் இப்போது மூன்று கட்டம்: வந்தோர், சாப்பிடுவோர், முட்டை வேண்டாம் என்போர். மூன்றாவது கட்டம் முக்கியம், அவர்களுக்கு வாழைப்பழம். கை தூக்கச் சொல்லி எண்ண வேண்டும். எண்ணுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர். கை தூக்குவதில் வெட்கப்படும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் உண்டு. 10ஆம் வகுப்பில் அதனால் எண் குறைவாக வந்தது. அங்கே மட்டும் வகுப்பாசிரியர் முந்தின நாள் மாலையே தனியாகக் கேட்டு எழுதித் தருகிறார். பசியை எல்லார் முன்னும் சொல்ல வைக்காமல் இருப்பது எண்ணைவிடப் பெரிது.

முட்டையை அவிப்பதற்கு முன் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். மிதப்பது கெட்டது, தனியே எடுத்து எண்ணி, அமைப்பாளர் கணக்கில் எழுத வேண்டும். பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் ஓர் ஆசிரியர் சுவைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஒரு கிண்ணம் மூடி மறுநாள்வரை எடுத்து வைக்கப்படுகிறது.

பிள்ளைகளின் எல்லை சமையல்கூட வாசற்படி. வரிசை ஒழுங்கு, தட்டு எடுத்துத் தருவது, சின்னவர்களை முன்னால் விடுவது ஆகியவை வாசலுக்கு வெளியே. கொதிக்கும் சாம்பார் வாளியைத் தொடக் கூடாது. 39 கிலோ அரிசி வெந்தால் நூறு கிலோவைத் தாண்டும், அந்தக் கிடாரத்தைப் பெரியவர்களே இரண்டு பேராக, காய்ந்த துணியோ கெட்டிக் கைப்பிடியோ வைத்து நகர்த்துகிறார்கள். ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும் என்பதால் காய்ந்த சாக்குத் துணியே சிறந்தது என்பது ஆயா கண்ட பாடம்.

அலுவலக அறை

பதிவறை எழுத்தர் இல்லாததால் கிளார்க் ஒருவரே சம்பளப் பட்டியல், எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளம்) பதிவு, மாற்றுச் சான்றிதழ், விலையில்லாப் பொருள் இருப்பு எல்லாவற்றையும் பார்க்கிறார். ஜூனில் சேர்க்கையும் மாற்றுச் சான்றிதழும் ஒரே வாரத்தில் மோதும்.

பிழை நுழையும் இடம் பெரும்பாலும் பெயர். நம் பக்கத்தில் விலாசம் (குடும்பத்தின் அடையாள எழுத்துகள்) சேர்த்து மூன்று, நான்கு தலைப்பெழுத்து வைப்பது வழக்கம். சேர்க்கைப் பதிவேட்டில் மூன்று எழுத்து, ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில் இரண்டு என்று போனால், பிறகு மதிப்பெண் சான்றிதழைத் திருத்த அலைய வேண்டும். ழகரப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே கதை. பட்டியல் அனுப்பும் முன் ஒவ்வொரு பெயரையும் தனித் தாளில் அச்செடுத்து, பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது ஒன்றே வழி. அதைச் செப்டம்பரிலேயே தொடங்கினால் அவசரம் இருக்காது. சேர்க்கை நீக்கப் பதிவேட்டில் அழித்து எழுதுவது கூடாது. சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, தலைமை ஆசிரியர் கையெழுத்து, தேதி.

சுற்றறிக்கை நோட்டை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போக ஒரு பிள்ளை போதும். ஆனால் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, பெற்றோர் செல்போன் எண் இவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. ‘கம்ப்யூட்டர் நல்லா தெரியும்’ என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை எமிஸ் பதிவுக்கு உட்கார வைத்தால், அந்தப் பிள்ளைக்குக் கூடப்படிக்கும் எல்லாருடைய சாதியும் வருமானமும் தெரிந்துவிடும். எவ்வளவு ஆள் பற்றாக்குறை என்றாலும் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

பிள்ளைகளிடம் எதைக் கேட்கக் கூடாது

கழிப்பறை கழுவுதல், ஏணி ஏறுதல், ஸ்விட்ச் போர்டு, ஆசிட், சூடான பாத்திரம். இவை எந்தக் காலத்திலும் பிள்ளைகளுக்கு இல்லை. 20 லிட்டர் வாளி தண்ணீரோடு 20 கிலோவுக்கு மேல்; 12 வயதுப் பிள்ளைக்கு அது முதுகைப் பிடிக்கும் பாரம். செடிக்கு ஊற்ற வேண்டுமானால் அரை வாளி, இரண்டு பேராக.

வீட்டுப்பாடம் எழுதாததற்குத் தண்டனையாக வேலை கொடுத்தால், மறுவாரம் ஆசையோடு குழாய் நோட்டு எடுக்க வரும் பிள்ளைக்கும் அது தண்டனையாகவே தோன்றும். பொறுப்பு வரிசைப்படிதான் போக வேண்டும். ‘நல்லா செய்வான்’ என்று ஆசிரியர் ஆள் தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் புரியும்: கூட்டுவது பெண்பிள்ளைக்குப் போகும், மைக் பையனுக்குப் போகும், குப்பைக் கூடை எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகளுக்கே போகும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் கூடை தூக்கும் பிள்ளைக்கு அது புரியும். பதிவேட்டு எண்படி போனால் எல்லாருக்கும் எல்லா வேலையும் வரும். இதில் இந்தப் பள்ளி கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை.

தொடக்கத்தில் ஒரு தவறும் நடந்தது. குழாய் நோட்டுப் பிள்ளைகள், குழாயை அடைக்காத பிள்ளைகளின் பெயரையும் எழுத ஆரம்பித்தார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் வாசிக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் நோட்டு காணாமல் போனது. புது நோட்டில் பெயருக்கு இடமே இல்லை: குழாய் எண், தேதி, பாட்டில் நேரம், சரிசெய்த தேதி. நான்கு பத்திகள் மட்டும்.

மழைக்கு முன்

செட்டிநாட்டில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பழைய கட்டடங்களின் மெட்ராஸ் ஒட்டுத் தளத்தில் (மர விட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மாடி) தண்ணீர் தேங்கினால் சுண்ணாம்பு ஊறி உள்கூரையில் கசியும். புரட்டாசியிலேயே மொட்டை மாடியைக் கூட்டி, வடிகுழாய் வாய்க்குக் கம்பி வலை வைக்க வேண்டும். வேப்பிலைதான் அதிகம் அடைக்கும். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 400 சதுர மீட்டர் மாடியில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 16,000 லிட்டர். இழப்பு போக 12,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். முற்றத்துத் தண்ணீரை அண்டாவில் பிடித்து, ஊருணி வெட்டி வாழ்ந்த ஊர் இது. பள்ளி மாடித் தண்ணீரைத் தெருவில் விட இங்கே காரணமே இல்லை. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு கிணற்றுக்குப் பக்கத்து உறிஞ்சு குழியில் விட்டால் உப்பும் கொஞ்சம் குறையும்.

இன்னும் தீராதவை இரண்டு. கோடை விடுமுறையில் குழாய் நோட்டு கிடையாது. மே மாதம் முழுவதும் வால்வு அடைந்திருக்கிறதா என்று பார்க்க இரவுக் காவலர் ஒருவர்தான், அந்தப் பொறுப்பு இன்னும் அவருடைய வேலைப் பட்டியலில் எழுதப்படவில்லை. வாட்டர்மேன் பணி ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். அவர் இடம் நிரப்பப்படுமா என்பது பள்ளியின் கையில் இல்லை. அலுவலக உதவியாளர் இப்போது வாரம் இரண்டு நாள் அவரோடு நின்று மோட்டார் போட்டுப் பழகுகிறார். ஸ்டார்ட்டர் விழும் சத்தம் எது, மின்னழுத்தக் குறைவில் வரும் இரைச்சல் எது என்று காதால் பிரிப்பது அட்டையில் எழுத முடியாதது. அதற்குத்தான் இந்த மூன்று வருடம்.